லினக்ஸ் வெப் சர்வர் படுத்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர், அதில் உபுண்டு அல்லது டெபியன், என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி, பின்னால் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும், அதன்மேல் ஒரு வேர்ட்பிரஸ் தளம். இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த அமைப்பை மனதில் வைத்தவை. ரெட் ஹாட் குடும்பத்தில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்லும் ஓசையில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

தளம் திறக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ரீபூட் செய்யாதீர்கள். சர்வர் ஏன் படுத்தது என்பதற்கான சாட்சியங்களில் பாதி அந்த நேரத்து நிலையில்தான் இருக்கும்: எந்த புராசஸ் (ஓடும் நிரல்) இருக்கிறது, எந்த போர்ட்டை (இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல்) யார் பிடித்திருக்கிறார்கள், நினைவகம் எவ்வளவு மிச்சம். ரீபூட் செய்தால் அத்தனையும் போய்விடும். தளம் மீண்டும் வந்துவிட்டாலும் அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே கோளாறு திரும்பும்.

உலாவி என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ‘சைட் டவுன்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உலாவி காட்டும் செய்திகள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. ரொம்ப நேரம் சுற்றிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்றால், பாக்கெட் வழியிலேயே தொலைகிறது. ஃபயர்வாலாக இருக்கலாம், மெஷினே அணைந்திருக்கலாம். 502 அல்லது 504 வந்தால் சந்தோஷப்படுங்கள், வெப் சர்வர் ஓடுகிறது, அதன் பின்னால் இருப்பதுதான் பதில் சொல்லவில்லை. சான்றிதழ் எச்சரிக்கை வந்தாலும் அப்படியே. பெயரே கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு. டொமைனுக்குப் பணம் கட்டினீர்களா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு மட்டும் திறக்காமல் ஊருக்கெல்லாம் திறக்கும் தளங்களும் உண்டு.

சர்வருக்குள் நுழைந்துவிட்டேன். வெப் சர்வர் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று கட்டளைகள் போதும். முதலாவது ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ஜின்எக்ஸ்’ (சுடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்). அப்பாச்சி என்றால் உபுண்டுவிலும் டெபியனிலும் சேவையின் பெயர் ‘அப்பாச்சி2’, ரெட் ஹாட் வழி வந்தவற்றில் ‘எச்டிடிபிடி’. ‘ஆக்டிவ்’ என்றால் ஓடுகிறது. ‘ஃபெயில்டு’ என்றால் ஓட முயன்று விழுந்தது. ‘இன்ஆக்டிவ்’ என்றால் யாரும் தொடங்கவே இல்லை, அல்லது யாரோ முறையாக நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது ‘சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி’. எந்தெந்த போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும். 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். முகவரி 127.0.0.1 என்று இருந்தால் அந்த சேவை உள்ளூருக்கு மட்டும்தான். வெளியிலிருந்து எவராலும் தொட முடியாது.

மூன்றாவது, சர்வரின் உள்ளிருந்தே ‘கர்ல் -ஐ எச்டிடிபி://லோக்கல்ஹோஸ்ட்’. அந்த ஐ பெரிய எழுத்து. இதற்கு ஏதாவது ஒரு பதில் வந்தால், அது 404 ஆகவே இருந்தாலும், வெப் சர்வர் பேசுகிறது. சிக்கல் வெளியில், அல்லது தளத்தின் அமைப்பில்.

லாக்கைப் பார் என்கிறார்கள். எந்த லாக், அதில் எதை?

வெப் சர்வர் தொடங்கவே மறுக்கும்போது ‘ஜர்னல்சிடிஎல் -யு என்ஜின்எக்ஸ்’. தொடங்கிய பிறகு கோளாறு என்றால் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் அல்லது /வார்/லாக்/அப்பாச்சி2 அடைவில் உள்ள எரர் லாக். அக்சஸ் லாக் என்பது வேறு, யார் வந்தார்கள் என்ற வருகைப் பதிவு மட்டும்.

பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் படிப்பார்கள். ‘சேவையைத் தொடங்க முடியவில்லை’ என்று, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி சொல்லும் வரி அது, விளைவைத்தான் சொல்கிறது. அதிலிருந்து மேலே ஏறிப் போய், அந்த முயற்சியில் முதலில் வந்த பிழையைப் பிடியுங்கள். என்ஜின்எக்ஸில் அது ‘எமர்ஜ்’ என்ற அடையாளத்தோடு இருக்கும்.

அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏஎச்00558 என்ற எண்ணோடு, சர்வரின் முழுப் பெயரைத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அலைந்தவர்கள் ஏராளம். அது வெறும் அறிவிப்பு. சர்வர்நேம் என்ற வரியை ஒருமுறை அமைப்பில் எழுதிவிட்டால் மறைந்துவிடும், எழுதாவிட்டாலும் அப்பாச்சி ஓடும். உங்கள் உண்மையான பிழை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது.

பிழைச் செய்தியில் வரும் எண்கள் லினக்ஸ் கர்னலுடையவை, எந்த மென்பொருள் சொன்னாலும் பொருள் மாறாது. 2 என்றால் கோப்பு இல்லை. 13 அனுமதி இல்லை. 24 என்றால் அளவுக்கு மீறி கோப்புகளைத் திறந்துவிட்டது. 28 டிஸ்கில் இடமில்லை. 98 முகவரியை வேறொருவர் பிடித்திருக்கிறார். 110 நேரம் முடிந்தது, 111 இணைப்பு மறுக்கப்பட்டது. இந்த ஏழு எண்கள் தெரிந்தாலே பெரும்பாலான இரவுகளைக் கடந்துவிடலாம்.

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்ததும் படுத்துவிட்டது.

ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் என்ஜின்எக்ஸ் தொடங்காது. ‘சுடோ என்ஜின்எக்ஸ் -டி’ அடித்தால் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லும். அரைப்புள்ளி விஷயத்தில் அது காட்டும் வரிக்கு முந்தைய வரியையும் பாருங்கள். இல்லாத அரைப்புள்ளியை அடுத்த வரிக்குப் போன பிறகுதான் அதற்கே தெரிகிறது. அப்பாச்சிக்கு ‘அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’. சுடோ இல்லாமல் சோதித்தால் சான்றிதழ்க் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை என்று பொய்ப் பிழை வரும், ஏமாறாதீர்கள்.

இதில் பெரிய வித்தியாசம் ரீஸ்டார்ட்டுக்கும் ரீலோடுக்கும். ரீஸ்டார்ட் ஓடிக்கொண்டிருப்பதை முதலில் கொன்றுவிட்டுத்தான் புதியதைத் தொடங்கும். புதியது விழுந்தால் கையில் ஒன்றும் இல்லை. ரீலோடு செய்தால் புதிய அமைப்பு சரியாக இருந்தால்தான் மாறும், தப்பாக இருந்தால் பழையதே தொடரும், வாசகருக்கு எதுவும் தெரியாது. அமைப்பை மாற்றும் வேலைக்கு ரீஸ்டார்ட் அநேகமாகத் தேவையே இல்லை.

இன்னொரு பொறி: டெபியனிலும் உபுண்டுவிலும் என்ஜின்எக்ஸ் ‘சைட்ஸ்-எனேபிள்டு’ அடைவில் உள்ள எல்லாக் கோப்பையும் படிக்கும், பெயர் எப்படி முடிந்தாலும் சரி. திருத்துவதற்கு முன் பத்திரமாக இருக்கட்டும் என்று அதே அடைவில் ‘டாட் பேக்’ என்று நகல் எடுத்து வைத்தால், நகலும் அமைப்பில் சேர்ந்துவிடும். பிறகு ஒரே தளம் இரண்டு முறை இருக்கிறது என்று முறையிடும். அப்பாச்சி அங்கே டாட் கான்ஃப் என்று முடிவதை மட்டும்தான் எடுக்கும். நகல்களை வீட்டு அடைவில் வையுங்கள்.

‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்கிறது. 80 போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள்?

பத்தில் ஒன்பது முறை அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் இரண்டுமே நிறுவப்பட்டிருக்கும். ஏதோ ஒரு பேக்கேஜ் துணைக்கு அப்பாச்சியை இழுத்துக்கொண்டு வந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த என்ஜின்எக்ஸுக்குப் பாதிப்பில்லை. எப்போதோ மெஷின் ரீபூட் ஆகும்போது யார் முந்துகிறாரோ அவருக்கு 80. அதனால்தான் ‘நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாகப் போய்விட்டது’ என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்மையையே சொல்கிறார்கள்.

‘சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி’ வெளியீட்டில் 80 என்ற எண்ணுக்கு எதிரே புராசஸின் பெயர் இருக்கும். தேவையில்லாததை ‘சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ்’ என்று நிறுத்துங்கள். அதே என்ஜின்எக்ஸே பிடித்துக்கொண்டிருந்தால், யாரோ சிஸ்டம்டிக்குத் தெரியாமல் கையால் தொடங்கிய பழைய புராசஸ் அது. அதை நிறுத்திவிட்டுச் சேவையாகத் தொடங்க வேண்டும். என்ஜின்எக்ஸ் -டி இந்தச் சண்டையைக் காட்டிக்கொடுக்காது. அமைப்பு சரி என்றுதான் சொல்லும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. எதை அழிக்கலாம்?

அழிப்பதற்கு முன் எது நிறைந்தது என்று பாருங்கள். ‘டிஎஃப் -எச்’ இடத்தைக் காட்டும். ‘டிஎஃப் -ஐ’, இங்கே ஐ சின்ன எழுத்து, ஐநோடுகளைக் காட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோடு வேண்டும். எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. ஜிபி கணக்கில் பாதி இடம் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்று வந்தால், லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் எங்கோ குவிந்திருக்கின்றன. பிஎச்பி செஷன் கோப்புகளும் கேஷ் அடைவுகளும் வழக்கமான குற்றவாளிகள். டெபியன் தன் இயல்பான செஷன் அடைவைத் தானே பெருக்கிவிடும். நீங்கள் வேறு அடைவைக் கொடுத்திருந்தால் பெருக்குவது உங்கள் பொறுப்பு.

டிஸ்க் நிறைந்த சர்வர் எடுத்த எடுப்பில் படுப்பதில்லை, முதலில் விசித்திரமாக நடந்துகொள்ளும். முகப்புப் பக்கம் திறக்கும், லாகின் நடக்காது, ஏனென்றால் செஷன் எழுத இடமில்லை. படம் ஏற்ற முடியாது. டேட்டாபேஸ் திணறும். எக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதனால் சாதாரண பயனர் எழுத முடியாத நேரத்திலும் ரூட்டாக நீங்கள் எழுதிப் பார்த்தால் எழுதும். அதைப் பார்த்து ‘இடம் இருக்கிறதே’ என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இனி அழிப்பது. ‘டியு -எச் --மேக்ஸ்-டெப்த்=1 /வார்’ என்று ஒவ்வொரு படியாக இறங்கினால் பருத்த அடைவு தெரியும். சிஸ்டம்டி ஜர்னல் என்றால் ‘ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்’ அடியுங்கள். பழைய டேட்டாபேஸ் பேக்கப்கள் அதே டிஸ்கில் கிடந்தால் வேறிடத்துக்கு மாற்றுங்கள்; ஒரே டிஸ்கில் இருப்பதைப் பேக்கப் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்.

ஓடிக்கொண்டிருக்கும் லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழித்தால் இடம் திரும்பாது. புராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர் மட்டும்தான் போகும், பைட்டுகள் டிஸ்கிலேயே இருக்கும். டிஎஃப் நிறைந்தது என்கிறது, டியு இல்லை என்கிறது என்ற முரண்பாடு வந்தால் காரணம் இதுதான். ‘சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அப்படி அழிக்கப்பட்டும் பிடிபட்டிருக்கும் கோப்புகளைக் காட்டும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் விடுபடும். அழிப்பதற்குப் பதில் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ போட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்வது நல்லது.

மறந்தும் லாக் அடைவையே அழித்துவிடாதீர்கள். /வார்/லாக்/அப்பாச்சி2 இல்லாவிட்டால் அப்பாச்சி தொடங்காது. லாக்கைத் திறக்க முடியவில்லை என்று ஏஎச்00015 எண்ணில் சொல்லிவிட்டு நின்றுவிடும். அடைவை மட்டும் மீண்டும் உருவாக்கினால் வந்துவிடும்.

டேட்டாபேஸ் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. யாரும் நிறுத்தவில்லை.

கர்னல் நிறுத்தியிருக்கும். நினைவகம் முழுக்கத் தீர்ந்துவிட்டால் லினக்ஸ் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்று மெஷினைக் காப்பாற்றும். தனி ஒரு புராசஸாக அதிகம் தின்பவரைத்தான் பெரும்பாலும் கொல்லும், 1 ஜிபி சர்வரில் அது மைஎஸ்க்யூஎல். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு புராசஸ்’ என்று தேடுங்கள். பெயரும் நேரமும் இருக்கும்.

கவனிக்க வேண்டியது: செத்தவர் குற்றவாளி என்று அர்த்தமில்லை. பல புராசஸ்களாகச் சேர்ந்து நினைவகத்தைத் தின்றது பெரும்பாலும் அப்பாச்சியோ பிஎச்பியோதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். டெபியன் அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறையில் (ஒவ்வொரு வொர்க்கரும் ஒரு தனிப் புராசஸ்) மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ், அதாவது வொர்க்கர்களின் உச்ச எண்ணிக்கை, 150. பிஎச்பி உள்ளே ஏற்றப்பட்ட ஒவ்வொரு வொர்க்கரும் 40 எம்பி எடுத்தால் 150 பேருக்கு 6 ஜிபி. 1 ஜிபி மெஷினில் அந்த எண்ணை அப்படியே விட்டிருக்கிறோம்! கூட்டம் வராத நாளெல்லாம் ஓடும், தானியங்கி நிரல்களின் (பாட்) கூட்டம் வந்த அன்று விழும். மிச்சமிருக்கும் நினைவகத்தை ஒரு வொர்க்கரின் அளவால் வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே வையுங்கள். பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியைத் தனிச் சேவையாக ஓட்டுவது) பயன்படுத்தினால் அதே கணக்கு பிஎம் டாட் மேக்ஸ்_சில்ட்ரன் என்ற வரிக்கு. அதன் இயல்பு மதிப்பு 5; இது எதிர்ப்பக்கம், நினைவகம் காலியாக இருந்தும் வாசகர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஸ்வாப் (நினைவகம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். பல வாடகைச் சர்வர்கள் ஸ்வாப் இல்லாமலேயே வருகின்றன. 2 ஜிபி கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் செய்து, எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் திடீர் ஏற்றத்தைத் தாங்கும். ஆனால் எந்நேரமும் ஸ்வாப்பிலேயே ஓடும் சர்வர் செத்ததற்குச் சமம், இன்னும் மோசம்கூட. உள்ளே நுழைந்து பார்க்கவே முடியாது.

502 பேட் கேட்வே வருகிறது. என்ஜின்எக்ஸ் கெட்டுவிட்டதா?

இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது கெட்டுவிட்டது. எரர் லாக்கில் 2 என்றும் சாக்கெட் கோப்பின் (என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் வழி) பெயரும் இருந்தால், என்ஜின்எக்ஸ் தேடும் இடத்தில் பிஎச்பி இல்லை. உபுண்டுவை ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏற்றிய மறுநாள் இது சர்வ சாதாரணம். 20.04 பதிப்பில் பிஎச்பி 7.4, 22.04 பதிப்பில் 8.1, 24.04 பதிப்பில் 8.3. சாக்கெட் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. உங்கள் அமைப்புக் கோப்பு பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ‘எல்எஸ் /ரன்/பிஎச்பி’ அடித்துப் பார்த்து, இருக்கும் பெயரை அமைப்பில் எழுதி, ரீலோடு செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு பழைய பிளகின்கள் புதிய பிஎச்பியில் ஓடுமா என்பது தனிக் கதை.

எண் 111 என்றால் நோடு அல்லது பைத்தான் செயலி நின்றுவிட்டது, அதன் சொந்த லாக்கைப் பாருங்கள். எண் 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, தொட அனுமதி இல்லை.

504 என்றால் பின்னணிச் செயலி இருக்கிறது, பதில் சொல்லத்தான் நேரமாகிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 வினாடி காத்திருக்கும். அந்த எண்ணை 300 ஆக்கினால் பிழை மறையும், வாசகர் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாரா என்று யோசியுங்கள். டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் வினவலைத் தேடுவதே வழி.

403 வருகிறது. அனுமதியை 777 ஆக்கிவிடலாமா?

வேண்டாம். 777 என்றால் அந்தச் சர்வரில் ஓடும் எந்தப் புராசஸும் உங்கள் கோப்பை மாற்றி எழுதலாம். பாதிநேரம் அது சிக்கலைத் தீர்ப்பதும் இல்லை, ஏனென்றால் தடை கோப்பில் இருக்காது, மேலே உள்ள ஏதோ ஒரு அடைவில் இருக்கும். டெபியன், உபுண்டுவில் வெப் சர்வர் ‘டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா’ என்ற பயனராக ஓடுகிறது. கோப்பை அடைய வழியில் உள்ள ஒவ்வொரு அடைவுக்குள்ளும் நுழைய அதற்கு அனுமதி வேண்டும். ‘நேம்ஐ -எல்’ என்று கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் படிப்படியாக அனுமதிகளைக் காட்டும். எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

தளத்தை வீட்டு அடைவுக்குள் வைத்திருப்பவர்களுக்கு: உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் வீட்டு அடைவின் அனுமதி 750. அதற்கு முன் 755 ஆக இருந்தது. பழைய சர்வரில் ஓடிய அதே அமைப்பு புதிய சர்வரில் 403 தருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தளத்தை /வார்/டபிள்யுடபிள்யுடபிள்யு பக்கம் மாற்றிவிடுவது நிம்மதி.

ராக்கி லினக்ஸில் அனுமதியெல்லாம் சரி. ஆனாலும் 13 என்றே சொல்கிறது.

எஸ்இ-லினக்ஸ். ரெட் ஹாட், ராக்கி, அல்மா, ஃபெடோரா எல்லாவற்றிலும் இது இயல்பாக இயங்கும். கோப்பின் வழக்கமான அனுமதிக்கு மேலே இன்னொரு முத்திரை இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் வெப் சர்வர் படிக்க முடியாது. வீட்டு அடைவிலிருந்து எம்வி போட்டு நகர்த்திய கோப்பு பழைய முத்திரையோடே வரும். சிபி போட்டு நகலெடுத்தால் போகுமிடத்தின் முத்திரையைப் பெறும். ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ என்று அடைவைக் கொடுத்தால் சரியாகிவிடும். பின்னணிச் செயலிக்கு இணைப்பு போகவில்லை என்றால் ‘செட்எஸ்இபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் 1’.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, எஸ்இ-லினக்ஸை அணைத்துவிடு என்பதுதான். சோதனைக்காக ஒரு நிமிடம் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. காரணம் இதுதான் என்று உறுதியானதும் மீண்டும் 1 ஆக்கிவிட்டு முத்திரையைத் திருத்துங்கள்.

நேற்றுவரை ஓடிய தளம் இன்று ‘பாதுகாப்பற்றது’ என்கிறது.

சான்றிதழ் காலாவதி. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள். அதை வாங்கித் தரும் செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பிக்க வேண்டும். ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ பட்டியலில் அதன் டைமர் இருக்கிறதா பாருங்கள். பிறகு ‘சுடோ செர்ட்பாட் ரினியூ --ட்ரை-ரன்’. தோற்றால் காரணத்தை அதுவே சொல்லும். அடிக்கடி வருவது: 80 போர்ட்டை யாரோ ஃபயர்வாலில் மூடியிருப்பார்கள், ‘எல்லாம் 443 தானே’ என்று. எச்டிடிபி வழிச் சரிபார்ப்புக்கு 80 திறந்திருக்க வேண்டும். டொமைனுக்குப் பழைய ஐபிவி6 முகவரி ஒன்று டிஎன்எஸ்ஸில் மிஞ்சியிருந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் சரிபார்ப்பு ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் தேடும்.

புதுப்பித்தது உண்மை, கோப்பும் புதியது, உலாவி மட்டும் பழையதைக் காட்டுகிறது என்றால், என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகவில்லை. தொடங்கும்போது படித்த சான்றிதழை நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. செர்ட்பாட்டின் டிப்ளாய்-ஹுக்கில் ரீலோடு கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.

முன்பெல்லாம் காலாவதிக்கு முன் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகப் போகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இருப்பவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறுவது நல்லது.

ரீபூட் ஆனால் வெப் சர்வர் தானாக வருவதில்லை. கையால் தொடங்கினால் ஓடுகிறது.

‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு என்ஜின்எக்ஸ்’ அடியுங்கள். ‘டிஸேபிள்டு’ என்றால் ‘எனேபிள்’ செய்தால் முடிந்தது. ‘எனேபிள்டு’ என்று இருந்தும் வரவில்லை என்றால், நெட்வொர்க் தயாராவதற்கு முன்பே என்ஜின்எக்ஸ் எழுந்திருக்கிறது. அமைப்பில் குறிப்பிட்ட ஐபி முகவரி எழுதியிருந்தால் அந்த முகவரி இன்னும் மெஷினுக்கு வந்திருக்காது, பிழை எண் 99. பின்னணிச் சர்வரைப் பெயரால் குறித்திருந்தால், டிஎன்எஸ் கிடைக்காமல் ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ்’ திறந்து, யூனிட் பகுதியில் ‘வான்ட்ஸ்’, ‘ஆஃப்டர்’ இரண்டிலும் ‘நெட்வொர்க்-ஆன்லைன் டாட் டார்கெட்’ சேருங்கள்.

‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி’ என்றால்?

10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றதால் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது. இது காரணமே இல்லை. உண்மையான பிழையைத் திருத்தி, ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு’ செய்து, தொடங்குங்கள்.

உள்ளிருந்து கர்ல் செய்தால் வருகிறது. வெளியிலிருந்து வரவில்லை.

ஃபயர்வால், அதிலும் இரண்டு இருக்கலாம். மெஷினுக்குள் யுஎஃப்டபிள்யு அல்லது ஃபயர்வால்டி. மெஷினுக்கு வெளியே வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் 80, 443 திறந்திருக்க வேண்டும். யுஎஃப்டபிள்யுவை முதன்முதலாக இயக்குகிறீர்கள் என்றால் எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அனுமதித்துவிட்டு இயக்குங்கள், இல்லாவிட்டால் உங்களையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வீர்கள்.

வீட்டு பிராட்பேண்டில் சர்வர் வைத்திருந்தால் ரூட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்கினால், அந்த முகவரி உங்களுக்கு மட்டும் உரியதல்ல, பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள். ரூட்டரில் எவ்வளவு போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வெளியார் வர முடியாது. நிலையான முகவரி கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு டனலைப் பயன்படுத்துங்கள்.

எப்போதாவது மட்டும் படுக்கிறது. நான் உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிடுகிறது.

இருப்பதிலேயே எரிச்சலான வகை. முதலில் நேரத்தைக் குறியுங்கள். தினமும் ஒரே மணிக்கு என்றால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பட்டியலையும் டைமர்களையும் பாருங்கள். பேக்கப் ஓடும் நேரமாக இருக்கும். நேரம் ஒழுங்கில்லை என்றால் அக்சஸ் லாக்கில் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து, எந்த முகவரி எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையும் ஒரே முகவரி தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்ப்பீர்கள். என்ஜின்எக்ஸின் லிமிட்_ரிக் கொண்டு அதை மட்டுப்படுத்தலாம்.

எரர் லாக்கில் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் எல்லையைத் தொட்டதாக ஏஎச்00161 இருந்தால், அதுவே எண்ணை உயர்த்தச் சொல்லும். உடனே உயர்த்தாதீர்கள், மேலே உள்ள நினைவகக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எண் 24 இருந்தால் சேவையின் லிமிட்நோஃபைல் அளவைக் கூட்ட வேண்டும்.

ரீபூட் ஆகிவிட்டது என்றால் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ முந்தைய பூட்டின் பதிவைத் தரும். /வார்/லாக்/ஜர்னல் அடைவு இருந்தால்தான் அந்தப் பதிவு தங்கும்.

விழுந்தால் தானாக எழுந்துகொள்ள, சேவையின் யூனிட்டில் ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயில்யர்’ சேர்க்கலாம். காரணத்தைத் தேடும் வேலையை அது குறைக்காது, தூக்கத்தைக் காப்பாற்றும்.

எதுவும் புரியவில்லை. தெரிந்தவரிடம் கேட்கிறேன். என்ன அனுப்ப வேண்டும்?

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. எந்த வெப் சர்வர். கடைசியாக என்ன மாறியது. அப்டேட் ஓடியதா என்பதையும் சேர்த்து, ஏனென்றால் அது தானாகவே ஓடியிருக்கலாம், /வார்/லாக்/ஏபிடி அடைவில் தேதி இருக்கும். ஸ்டேட்டஸ் வெளியீடு, சோதனைக் கட்டளையின் வெளியீடு, எரர் லாக்கின் கடைசி முப்பது வரி, டிஎஃப் -எச், ஃப்ரீ -எம். போனில் எடுத்த மங்கலான புகைப்படமாக வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள், கேட்கப்படுபவர் அதைத் தேடிப் பார்க்க முடியும். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள். சான்றிதழின் தனிச்சாவிக் கோப்பை யார் கேட்டாலும் தராதீர்கள். இந்தக் கோளாறுகள் எதைக் கண்டுபிடிக்கவும் அது தேவைப்படாது.